நான்காம் மாடிக்கு லொறி வராது

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நகரத்தின் புதிய அவசர அழைப்பு முறை நடைமுறைக்கு வந்து ஒரு வருடம் பூர்த்தியாகிவிட்டது. அதற்குப் பணம் ஒதுக்கிய அரசாங்கத் திணைக்களத்திலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார், கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போக. எங்கள் மேற்பார்வையாளர் அவரை ஒவ்வொரு திரையாகக் கூட்டிச் சென்று காட்டினார். என் மேசைக்கு வந்ததும் என் தோளில் கையை வைத்து, “பஸ் தரிப்பிடக் கதை சொன்னேன் அல்லவா, அது இவருடைய வீட்டில் நடந்ததுதான்” என்றார்.

அம்மையார் என்னை அன்பாகப் பார்த்தார். “உங்கள் அம்மா ஏன் அப்படிச் செய்தார்?” என்று கேட்டார்.

“எங்கள் ஊர்ப் பழக்கம்” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் கேக் பக்கம் போனார். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை. முழுப் பதிலைச் சொல்ல வேண்டுமானால் அவரை இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில் பஸ் ஏற்றி, பூனாகலைப் பாதையில் ஒரு வளைவில் இறக்கி, அங்கிருந்து மூச்சு வாங்க மேலே நடத்திக் கூட்டிப் போக வேண்டும். மலையகத்தில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. நீங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறீர்கள். அதனால் அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு சிறு நகரம். இங்கே நெருப்புப் பிடித்தாலும், திருடன் வந்தாலும், நெஞ்சு வலித்தாலும் ஒரே எண்தான்: ஒன்பது, ஒன்று, ஒன்று. ஐந்து வயதான என் மகள் நிலானிக்கே தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொலிஸ்காரர் வந்து பாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது பழைய ஏற்பாடு. அழைப்பவர் தான் எங்கே இருக்கிறார் என்பதைத் தானே சொல்ல வேண்டும். பதற்றத்தில் பாதிப் பேருக்கு வாசல் எண் மறந்துபோகும். நகரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்கு வாசல் எண்ணே கிடையாது. “பழைய களஞ்சியத்தைத் தாண்டி, சிவப்புத் தபால்பெட்டி வைத்த வீடு” என்பார்கள். அழைப்புகளை எடுப்பவர்களில் மூத்தவரான டோரத்தி, சுவரில் தொங்கும் வரைபடத்துக்கும் தன் மேசைக்கும் நடுவே டெலிபோன் வயர் எட்டும் மட்டும் நடந்துகொண்டே பேசுவாராம்.

அரசாங்கம் பணம் ஒதுக்கியது. இனி மணி அடித்ததுமே அழைப்பவரின் தெரு, வாசல் எண், மாடி எல்லாம் தானாகத் திரையில் வந்து விழும்; அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை மட்டும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் திரும்பிப் போய்விடும். இந்த விஷயத்தில் பதுளை அரசாங்கக் கச்சேரிக்கும் கனடாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசி மாதங்களில் ஓட்டமும் நடையுமாக ஆள் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்தவன்தான் நான். ஒவ்வொரு டெலிபோன் எண்ணும் எந்த வாசலுக்கு உரியது என்று சரிபார்க்க வேண்டும். வயல் பக்கத்து வீடுகளுக்கு நேரிலேயே போவேன். நாய் குரைக்கும், பிறகு மனிதர் வருவார், பிறகு கோப்பி வரும்.

எனக்கு இந்த வேலையில் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. வீட்டு எண் இல்லாமல் வளர்ந்தவன் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் ஒரே முகவரிதான்: தோட்டத்தின் பெயர், அதற்குக் கீழே பண்டாரவளை. கடிதங்கள் ஒபீசுக்கு வரும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான் என்பதால், மற்றவர்களுக்கு வந்த கடிதங்களும் பெரும்பாலும் என் கைக்கே வந்து சேரும், படித்துச் சொல்ல.

கனடாவுக்கு விண்ணப்பித்தபோது கடந்த பத்து வருடமும் வசித்த இடங்களைத் தெருப் பெயரோடு கேட்டிருந்தார்கள். அம்மாவிடம் கேட்டேன்.

“நம்ம லயத்துக்குப் போற பாதைக்கு என்னம்மா பேரு?”

“பாதைக்கு எதுக்குடா பேரு? அது வேற எங்கயும் போகல. நம்ம வீட்டுக்குத்தான் வருது.”

கடைசியில் ‘குறுக்குப் பாதை’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கனடா அரசாங்கத்தின் கோப்பு ஒன்றில் எங்கள் லயத்துக்கு இன்றைக்கும் ஒரு தெரு இருக்கிறது.

3

மேல் பிரிவில் டெலிபோன் இல்லை. இருந்த ஒரே டெலிபோன் கீழே, ஒபீசில். நடுவில் ஒரு பள்ளமும் ஒரு தேயிலை மலையும். யாருக்காவது முடியாமல் போனால், லயத்து முனையிலிருக்கும் பெரிய கல்லில் ஒரு பெண் ஏறி நின்று கூப்பாடு போடுவாள். கீழ் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் அதைக் கேட்டு இன்னும் கீழே சொல்வார்கள். அவர்கள் அதற்குக் கீழே. இப்படிக் குரல் குரலாக இறங்கிச் சேதி ஒபீசுக்குப் போகும். கிளாக்கர் ஐயா இருந்தால் லொறிக்குச் சொல்வார். கொழுந்து ஏற்றும் லொறிதான். ஆஸ்பத்திரிக்கும் அதுதான்.

அந்த லொறி மேலே வராது. வர வழியில்லை, லயத்துக்கு ஏறுவது படியும் பாறையுமான ஒற்றையடிப் பாதை. ஆகவே கூப்பாடு போட்ட பிறகு யாரும் வீட்டில் காத்திருப்பதில்லை. உடனே ஆளைத் தூக்கிவிடுவார்கள். உட்காரக்கூடியவர் என்றால் நாற்காலியில் கட்டி. முடியாதவர் என்றால் கம்பளியில் கம்பைக் கோத்துத் தொட்டில் மாதிரி. ஒருவர் முன்னால் போய், “கல்லு இருக்கு, எடது பக்கமா மிதி, சறுக்கும்” என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். லொறி வருவதற்கு முன்னால் ரோட்டு வளைவில் நிற்க வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். ஏனென்றால் லொறி நிற்காது. தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் நேரம் நெருங்கிவிட்டால் டிரைவர் வளைவில் ஹோர்ன் அடித்துப் பார்ப்பார். யாரையும் காணாவிட்டால் லொறியை எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிந்தினால் ஏச்சு அவருக்குத்தான்.

நான் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருடம், எங்கள் காம்பராவுக்கு அடுத்த அறையில் இருந்த ராமாயி அக்காவுக்கு வலி கண்டது. நல்ல மழை. கூப்பாடு போட்டாயிற்று. “சேதி சேந்துச்சான்னு தெரியட்டும், அப்பறம் தூக்குவோம். புள்ளத்தாச்சி நனையக்கூடாது” என்றார் அக்காவின் மாமியார். யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சுதான். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு கம்பளியில் தூக்கிக்கொண்டு பாதி வழி இறங்கும்போது கீழே ஹோர்ன் கேட்டது. பின்கம்பைப் பிடித்திருந்தது என் அம்மா. “வர்றோம், வர்றோம்” என்று எல்லாரும் கத்தியிருக்கிறார்கள். மழைக்குள் அது எங்கே கேட்கும். லொறி போய்விட்டது.

ரோட்டு வளைவில், கம்பளிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. அழவில்லை.

அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்: “ஹோர்ன் சத்தம் கேட்டுச்சு தம்பி. அம்புட்டுக் கிட்ட வந்துட்டோம்.”

4

அம்மாவும் அப்பாவும் இங்கே வந்து முதல் குளிர்காலம் அது. நாங்கள் இருப்பது ஒரு தொடர்மாடிக் கட்டிடத்தின் நான்காம் மாடி. என் மனைவி கோகிலா காலையில் பேக்கரி வேலைக்குப் போய்விடுவாள், நிலானி பள்ளிக்கூடம். பகல் முழுவதும் இவர்கள் இரண்டு பேரும், நடைவழியின் மறுபக்கத்தில் பரமநாதன் மாஸ்டரும்தான்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தனிக்கட்டை. இளமையில் சில வருடம் பண்டாரவளையில் படிப்பித்தவர். அவர் வாசலில் தலைகாட்டினால் அப்பா எழுந்து நின்றுவிடுவார்.

“இருங்கோ அண்ணை, இருங்கோ. இதென்ன, நான் இன்ஸ்பெக்டரே?”

“நீங்க உக்காருங்க மாஸ்டர் ஐயா, அப்பறம் நான்.”

இப்படி இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்பார்கள். நிலானி வந்து ஆங்கிலத்தில், “தாத்தா, சிட்!” என்று அதட்டினால்தான் அப்பா உட்காருவார். அவளுக்குத் தமிழ் காதில் ஏறுகிறது, வாயில் இறங்குவதில்லை. “தமிழ்ல சொல்லும்மா” என்றால், “தாத்தாவுக்குப் புரியுது அப்பா” என்று அதையும் ஆங்கிலத்திலேயே சொல்கிறாள். புரியத்தான் செய்கிறது. அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் தோட்டத்துத் துரைமார் திட்டிக் கற்றுக்கொண்டது. அதை அவளிடம் திருப்பிச் சொல்ல முடியாமல் சிரித்துக்கொள்வார்.

அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு என்று டொக்டர் சொன்ன பிறகு, ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு டெலிபோன் பாடம் நடத்தினேன்.

“இந்த மூனு நம்பர அமத்தும்மா. நீ ஒன்னும் பேச வேணாம். ரிசீவர மாட்டாம அப்படியே கீழ வெச்சிரு. நாம எங்க இருக்கோம்ங்கிறது அங்க தானா வந்துரும்.”

“பேசாமலா?”

“பேசாமத்தான்.”

“யாரு, எந்த ஆளுன்னு கேக்க மாட்டாங்களா?”

“கேப்பாங்க. பதில் சொல்லாட்டியும் வருவாங்க.”

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். “பேசாமலே வர்றாங்களாம். சங்கத்துத் தலைவர்கிட்டகூடச் சொல்ல வேணாமாம்.”

“தலைவர்கிட்டச் சொன்னா மட்டும் வந்துட்டாங்களாக்கும்” என்றார் அப்பா.

அம்மா அந்த எண்ணை அழுத்திக் காட்டும் பாவனையில் மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினார். சரியாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நம் வீட்டுப் பாதுகாப்புக்காகவே இந்த அரசாங்கம் பணம் ஒதுக்கியதுபோல.

அழைத்த பிறகு அங்கேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் தோன்றாது. இங்கே வந்து சில வருடங்களில் எனக்கும் தோன்றாமல் போயிருந்தது.

5

புதிய முறை ஓடத் தொடங்கிய முதல் மாதம், ஒரு முற்பகல். நான் டோரத்திக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வோர் அழைப்பிலும் திரையில் விழும் முகவரி எங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அந்த மாதம் முழுவதும் என் வேலை. மணி அடித்தது. தெரு, கட்டிட எண், நான்காம் மாடி, வாசல் எண் எல்லாம் விழுந்தன. எல்லாம் சரி என்று பேனாவால் ஒரு கோடு போட்டேன். அதற்குப் பிறகுதான் அது என் வீடு என்று உறைத்தது.

“அவசர சேவை. என்ன உதவி வேண்டும்?” என்றார் டோரத்தி.

பதில் இல்லை. டோரத்தி ஒலியைக் கூட்டினார். ஏதோ தரையில் இழுபடும் சத்தம். அம்மாவின் குரல், தூரத்தில்: “காலப் புடிங்க மாஸ்டர். சாரத்த இழுத்து விடுங்க.” பிறகு கதவு. பிறகு குக்கர் விசில்.

“அம்மா” என்று கத்தினேன். யாரும் இல்லை.

“என் வீடு” என்று டோரத்தியிடம் சொன்னேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல், ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அம்புலன்ஸை அனுப்பினார். யாரும் பேசாவிட்டாலும் அனுப்ப வேண்டும் என்பது விதி. நிலையம் பக்கத்தில்தான், சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்கள். அம்புலன்ஸ்காரர்களின் வானொலியில் குரல் வந்தது: “நான்காம் மாடியில் இருக்கிறோம். கதவு திறந்திருக்கிறது. அடுப்பில் ஏதோ வேகிறது. உள்ளே யாரும் இல்லை.”

குளியலறை, படுக்கையறை, பல்கனி எல்லாம் பார்த்தார்கள். “யாரும் இல்லை. முகவரியை உறுதிப்படுத்துங்கள்.”

மேற்பார்வையாளர் எழுந்து வந்துவிட்டார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். முகவரி சரி. ரிசீவர் அங்கேதான் கிடக்கிறது. ஆள் எங்கே? அப்பாவின் நெஞ்சு எங்கோ ஓரிடத்தில் துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறது, அந்த இடம் மட்டும் திரையில் இல்லை.

காலைப் பிடிக்கச் சொன்னாரே அம்மா. எதற்குக் காலைப் பிடிக்க வேண்டும்?

“ரோட்டில் பாருங்கள்” என்றேன்.

“எந்த ரோடு?” என்றார் டோரத்தி.

“பெரிய ரோடு. கட்டிடத்துக்கு முன்னால். பஸ் வருகிற ரோடு. அவரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.”

“ஏன்?” என்று கேட்டார் மேற்பார்வையாளர். டோரத்தி கேட்கவில்லை. அப்படியே வானொலியில் சொன்னார்.

எங்கள் கட்டிடத்தின் வாகன வாசல் பின்பக்கம். அம்புலன்ஸ் அங்கே நின்றிருந்தது. அவர்கள் ஒரு லிஃப்டில் ஏறும்போது அப்பா இன்னொன்றில் இறங்கியிருக்கிறார்.

மற்றதெல்லாம் பரமநாதன் மாஸ்டர் ஆஸ்பத்திரி நடைவழியில் வைத்துச் சொன்னது. அம்மா அவர் கதவைத் தட்டியிருக்கிறார். இவர் போய்ப் பார்த்தால் அப்பா வியர்த்து ஒழுக, சமையலறைக் கதிரையில், அம்மாவின் சால்வையால் இடுப்போடு கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“நான் எத்தினை தரம் சொன்னனான் தம்பி. அக்கா, இது கனடா, அவங்கள் மேல வருவாங்கள், பேசாமல் இருங்கோ எண்டு. ‘லொறி நாலாம் மாடிக்கு வராதுங்க மாஸ்டர், நீங்க காலப் புடிங்க’ எண்டு சொல்லிப்போட்டா. என்ரை சீவியத்திலை ஒருத்தரும் என்னோடை அப்பிடிக் கதைச்சதில்லை. நான் பிடிச்சிட்டன்.”

லிஃப்டுக்குள் ஒரு போலந்துக்காரர், துவைத்த துணிக் கூடையோடு. அம்மா கதிரையின் பின்பக்கத்தைக் கைகாட்டினாராம். அந்த மனிதர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் பிடித்துக்கொண்டாராம். மூன்று பேருமாகப் பஸ் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். அம்மா தன் குளிர் அங்கியை அப்பாவுக்குப் போர்த்திவிட்டு, வெறும் செருப்போடு ரோட்டோரத்தில் நின்று அடுப்படித் துணியை வீசியிருக்கிறார்.

“அதுக்குள்ளை ஒரு பஸ் வந்து நிண்டிட்டுது தம்பி. டிரைவர் கதவைத் திறக்கிறான். அக்கா, ‘இது இல்லீங்க, நீங்க போங்க, போங்க’ எண்டு அவனைத் தமிழிலை அனுப்பிப்போட்டா. அவனும் போயிட்டான்.”

சொல்லிவிட்டு மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அப்போது அப்பா இன்னும் உள்ளேதான் இருந்தார். யாரும் எங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கோகிலா வந்தாள். அம்மா மூலையில், ஈரச் செருப்போடு, அடுப்படித் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு டொக்டர் வெளியே வந்தார். இளவயதுப் பெண். ஆபத்து தாண்டிவிட்டது என்றார். பிறகு, இந்த மாதிரி நேரத்தில் ஆளை அசைக்கவே கூடாது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கடினமாகியிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

“என்ன சொல்றாங்க?” என்றார் அம்மா.

“பொழச்சிட்டாரும்மா.”

“அதுக்கு அப்பறம் என்னமோ சொன்னாங்களே.”

“ஆள அசைக்கக் கூடாதாம். இருந்த எடத்துலயே வெச்சிருக்கணுமாம்.”

அம்மா துணியை விரித்து மறுபடி மடித்தார்.

“எறங்கறப்பவே காதக் குடுத்துக்கிட்டுத்தான் வந்தேன் தம்பி. சத்தம் கேட்டுச்சு. கிட்ட வந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு. போயிட்டாங்கன்னே நெனச்சேன். பின்பக்கமா மேல ஏறுவாங்கன்னு எனக்குத் தெரியாதே.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்புலன்ஸ் சத்தம் கட்டிடத்துக்குப் பின்னால் வந்து நின்ற அந்த நிமிடத்தில் என் அம்மா எந்த ரோட்டில் நின்றார் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மாலையில் அப்பாவைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவந்த அவர் பார்வை அம்மாவிடம் வந்து நின்றது.

“காச்சட்ட ஒன்னு மாட்டிவிடத் தோணலையாடி ஒனக்கு? வெள்ளக்காரன் பஸ்ஸெல்லாம் போற ரோட்டுல, சாரத்தோட…”

“பேசாம படுங்க” என்றார் அம்மா. அன்று முழுவதும் அழாதவர் அப்போதுதான் அழுதார்.

6

அலுவலகத்தில் அது கதையாகிவிட்டது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அப்பாவுக்கு எல்லாரும் கையெழுத்திட்டு வாழ்த்தட்டைகூட அனுப்பினார்கள். ஒதுக்கிய பணத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. திரும்பிப் போவதற்குள், புதிய முறை பற்றிப் பல மொழிகளில் துண்டுப்பிரசுரம் அடிக்கத் தீர்மானித்தார்கள். தமிழ் என் பங்கு.

ஆங்கிலத்தில் இருந்ததை எழுதினேன். கடைசியில் அதில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்: நோயாளியை வெளியே தூக்கி வர வேண்டாம், நாங்கள் உங்கள் வாசலுக்கே வருவோம். மேற்பார்வையாளர் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறதா?” என்றார். பிரசுரத்தைச் சோமாலி மொழியில் எழுதிக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் நின்றார். “அந்த வரி எங்கள் தாளிலும் வேண்டும்” என்றார்.

வீட்டில் படித்துக் காட்டினேன். மாஸ்டர் ‘தூக்கி வர வேண்டாம்’ என்பதை ‘அப்புறப்படுத்தல் ஆகாது’ என்று மாற்றச் சொன்னார். அம்மா, “அதெல்லாம் வேணாங்க மாஸ்டர், மூச்சு வாங்கறப்ப யாரு அதப் படிக்கறது” என்றார். மாஸ்டர் பேனாவை மூடிவிட்டார். அம்மாவோடு வாதாடக் கூடாது என்பதை அவர் லிஃப்டிலேயே படித்துவிட்டார்.

“வாசலுக்கே வருவோம்னு எழுதியிருக்கியே” என்றார் அம்மா என்னிடம். “நம்ம மாதிரி ஆளுன்னு தெரிஞ்சாலும் வருவாங்களா?”

“ஒனக்கு வந்தாங்கள்ல.”

“அது தெரியாம வந்திருப்பாங்க” என்றார் அப்பா.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் தம்பி கணேசனோடு பேசும் நாள். அவன் இன்னும் அதே லயத்தில், அதே காம்பராவில்தான். இப்போது கையில் போன் வைத்திருக்கிறான். ஆனால் லயத்து முனைக் கல்லில் ஏறி நின்றால்தான் அதில் சிக்னல் எடுக்கும். மேல் பிரிவுக்கு ரோடு போட அங்கேயும் அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். கல் கொண்டுவந்து வளைவில் கொட்டி ஒரு மழைக்காலம் போய்விட்டது. கல்லின் மேல் புல் முளைத்துவிட்டது என்றான். அவன் மனைவி சுதாவுக்கு இது எட்டாம் மாதம்.

அம்மா அவனிடம் துண்டுப்பிரசுரக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நான் எழுதிய தாள் கடைகளிலெல்லாம் இருக்கிறது என்றார். ஒரு வார்த்தை பேச வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், நான்காம் மாடிக்கே வந்து கட்டிலோடு எடுத்துப் போகிறார்கள் என்றார். போனுக்குள் தம்பி சிரிப்பது எனக்கும் கேட்டது. “அப்படின்னா பரவால்லம்மா, நானும் உக்காந்துக்கறேன்” என்றான்.

அம்மாவின் முகம் மாறியது. கதிரையிலிருந்து எழுந்தார். அத்தனை தூரத்துக்கு மெதுவாகப் பேசினால் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, குரலை உயர்த்தினார்.

“இந்தா பாரு கணேசா, வெளையாடாத. நான் சொன்னது இந்த ஊருக்கு. சுதாவுக்கு வலி எடுத்துச்சுன்னா நீ உக்காந்திராத. போன் எடுத்தாங்களா, சேதி சேந்துச்சான்னு பாக்காத. மழ பேஞ்சாலும் பேயட்டும். மொதல்ல தூக்கு. லொறி வர்றதுக்கு முன்னாடி ரோட்டுல நில்லு.”